ஜப்பானில் ஆங்கிலச் செவ்வியல் நாவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய இலக்கியத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், முரகாமி, கவபட்டா என்று சுற்றிவிட்டு யாராவது ஒருவர் கடைசியில் இந்த இடத்துக்கு வந்துவிடுவார்: “ஜேன் ஆஸ்டினுக்கும் ப்ரான்டே சகோதரிகளுக்கும் அங்கே அவ்வளவு வாசகர்களாமே, அது எப்படி?” ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை. பலமுறை எதிர்கொண்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஜப்பானியர்கள் ஆங்கில நாவல்களை உண்மையிலேயே அவ்வளவு வாசிக்கிறார்களா?

வாசிக்கிறார்கள். ஆனால் ஜப்பானிய மொழியில். இந்த இரண்டாவது வாக்கியத்தை மறந்துவிட்டால் மற்ற எதுவும் விளங்காது.

டோக்கியோவில் ஓரளவு பெரிய புத்தகக் கடை எதிலாவது நுழைந்து ‘புன்கோ’ அலமாரிகளுக்குப் போங்கள். புன்கோ என்பது சட்டைப்பைக்குள் அடங்கும் மலிவுப் பதிப்பு. அகலம் 105 மில்லிமீட்டர், உயரம் 148 மில்லிமீட்டர். ரயிலில் ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மறு கையால் பிரித்துப் படிக்கத் தோதான அளவு. ஷின்ச்சோ பதிப்பகம் 1914-லும் இவனாமி பதிப்பகம் 1927-லும் இந்த வரிசைகளைத் தொடங்கின. இன்றும் அவை வந்துகொண்டிருக்கின்றன. ஷின்ச்சோ புன்கோவில் புத்தகத்தோடு ஒட்டிய நூல்நாடா ஒன்று அடையாளத்துக்காகத் தொங்கும். கல்லாவில் பணம் கட்டும்போது கடைக்காரர் கேட்டுக்கொண்டு காகித உறை ஒன்றை மடித்துப் போட்டுத் தருவார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நாம் படிப்பது ‘ஜேன் அயரா’, சமையல் குறிப்பா என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்த அலமாரியில் முதலில் கண்ணில் படுவது, ஒரே நாவலுக்கு மூன்று நான்கு மொழிபெயர்ப்புகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுதான். ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ வாங்கப் போனவர், எந்த மொழிபெயர்ப்பாளருடையதை வாங்குவது என்று முதல் பக்கங்களைப் புரட்டி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எடுக்கிறார். மொழிபெயர்ப்பாளரின் பெயர் அட்டையிலேயே ஆசிரியர் பெயருக்கு அருகில் இருக்கும். பின்னால் அவருடைய பின்னுரையும் இருக்கும். அதை முதலில் படித்துவிட்டு நாவலுக்குள் போகும் வாசகர்களும் உண்டு.

ஆங்கிலம் படித்தவர்கள் மூலத்திலேயே படிப்பதில்லையா?

படிப்பவர்கள் இருக்கிறார்கள். 1920-களில் கென்க்யூஷா பதிப்பகம் ஒகாகுரா யோஷிசபுரோ, இச்சிகாவா சங்கி என்ற இரு அறிஞர்களைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு, ஆங்கில மூலமும் ஜப்பானியக் குறிப்புகளும் சேர்ந்த 100 தொகுதிகளை வெளியிடும் பெரிய வரிசையைத் தொடங்கியது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதை வைத்துத்தான் மூலத்தோடு மல்லுக்கட்டினார்கள். ஆனால் மொழிபெயர்ப்பில் படித்தேன் என்று சொல்ல அங்கே யாரும் கூச்சப்படுவதில்லை. ஆங்கிலம் தெரியாதவனுக்குக் கிடைத்த மாற்று ஏற்பாடாக அதை நினைப்பதில்லை. அதுதான் புத்தகம்.

எப்போது தொடங்கியது இது?

நாடு இன்னும் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலத்திலேயே. அமெரிக்கக் கறுப்புக் கப்பல்கள் 1853-இல் வந்து நிற்பதற்கு முன்பே, 1850 வாக்கில், குரோதா என்ற அறிஞர் ‘ராபின்சன் க்ரூசோ’வை டச்சு மொழியிலிருந்து ஜப்பானியத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது நாகசாகி வழியாக வணிகம் செய்ய அனுமதி பெற்றிருந்த ஐரோப்பியர் டச்சுக்காரர்கள் மட்டுமே. ஆகவே ஆங்கில நாவலும் டச்சு உடையில்தான் வந்து இறங்கியது. அச்சில் வந்தது 1857-இல் வெளியான இன்னொரு சுருக்கம், அதுவும் டச்சு வழியே. வெளிநாடு போனால் தலை போகும் என்று சட்டம் இருந்த தீவில், கப்பலேறிப் போய்த் தனித் தீவில் மாட்டிக்கொண்டவன் கதையைச் சிலர் கையெழுத்துப் படியில் படித்தார்கள் என்பது எனக்கு என்றைக்கும் சலிக்காத செய்தி.

1868-க்குப் பிந்திய மெய்ஜி காலத்தில் வேகம் பிடித்தது. லிட்டன் பிரபுவின் ‘எர்னஸ்ட் மால்ட்ராவர்ஸ்’ 1878-79-இல் ‘பூவும் வில்லோவும்: ஒரு வசந்தக் கதை’ என்று பொருள்படும் தலைப்பில் வந்து பெரிய வரவேற்பைப் பெற்றது. இன்றைக்கு இங்கிலாந்திலேயே யாரும் தொடாத நாவல் அது. மேல்நாட்டில் ஆணும் பெண்ணும் எப்படிப் பேசிக்கொள்வார்கள், பெரிய மனிதர்கள் எப்படி அரசியலுக்குள் நுழைவார்கள் என்பதற்கு வழிகாட்டி நூல் போல அதைப் படித்தார்கள். 1885-இல் சுபோஉச்சி ஷோயோ ‘நாவலின் சாரம்’ என்ற நூலை வெளியிடத் தொடங்கினார். நீதி போதிப்பது நாவலின் வேலை அல்ல, மனித மனத்தைக் காட்டுவதே அதன் வேலை என்று அவர் வாதாடியபோது, ஆங்கில நாவல் வழிகாட்டி நூல் என்ற நிலையிலிருந்து மெல்ல நகர்ந்து கலை என்ற நிலைக்கு வந்தது.

எல்லோரும் நட்சுமே சோசெகியின் பெயரைச் சொல்கிறார்களே, அவருக்கு இதில் என்ன பங்கு?

பெரிய பங்கு. கொஞ்சம் விநோதமான பங்கும்கூட.

சோசெகி 1867-இல் பிறந்தவர். ‘நான் ஒரு பூனை’, ‘கொகோரோ’ நாவல்களால் பெயர் பெற்றவர். 1984 முதல் இருபது ஆண்டுகள் ஆயிரம் யென் நோட்டில் இருந்த மீசைக்காரர் அவர்தான். 1900-இல் கல்வி அமைச்சகம் ஆண்டுக்கு 1800 யென் உதவித்தொகை கொடுத்து ஆங்கிலம் கற்றுவர அவரை லண்டனுக்கு அனுப்பியது. பணம் பற்றவில்லை. பல்கலைக்கழக வகுப்புகளுக்குக் கொஞ்ச நாள் போய்விட்டு நிறுத்திவிட்டார். ஷேக்ஸ்பியர் அறிஞர் கிரெய்க் என்பவரிடம் தனியாகப் பாடம் கேட்டார். மலிவான விடுதி அறைகளுக்கு மாறி மாறிக் குடிபோனார். கையில் இருந்ததையெல்லாம் புத்தகத்தில் போட்டுவிட்டு, கடைசியில் கிளாப்பம் பகுதியில் ஒரு மாடி அறையில் அடைந்து கிடந்தார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று டோக்கியோவுக்கே செய்தி போயிற்று. லண்டனில் இருந்த இரண்டு ஆண்டுகள்தான் தன் வாழ்வின் மிகக் கசப்பான காலம் என்றும், ஓநாய்க் கூட்டத்தில் சிக்கிய நாய் போல இருந்தேன் என்றும் பின்னால் அவரே எழுதினார்.

1903-இல் திரும்பி வந்து டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் லஃப்காடியோ ஹெர்ன். கவிதை போலப் பேசி மாணவர்களைக் கட்டிப்போட்டிருந்தவர். அவரை அனுப்பிவிட்டு வந்த புதிய ஆசிரியர், ஜார்ஜ் எலியட்டின் ‘சைலஸ் மார்னர்’ நாவலைக் கையில் எடுத்துக்கொண்டு உச்சரிப்பையும் இலக்கணத்தையும் திருத்தத் தொடங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த மாணவர்களின் எரிச்சலை என்னால் நன்றாகப் புரிந்துகொள்ள முடிகிறது. பிறகு அவர் ‘மக்பெத்’ நடத்தியபோது அறை கொள்ளாத கூட்டம் கூடியது.

அந்த விரிவுரைகளிலிருந்து உருவான ‘இலக்கியக் கோட்பாடு’ 1907-இல் வெளிவந்தது. இலக்கியத்தைக் கணிதச் சூத்திரமாக எழுத முயன்ற வறட்டுப் புத்தகம். ஆனால் அதன் நடுவே ஜேன் ஆஸ்டினைப் பற்றி எழுதும் இடத்தில் சோசெகியின் குரல் மாறிவிடுகிறது. யதார்த்த எழுத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்கிறார். ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலின் முதல் அத்தியாயத்தில் பென்னட் தம்பதி பேசிக்கொள்வதை எடுத்துக்காட்டி, இந்தச் சாதாரணப் பேச்சுக்குள் ஒரு முழு இல்வாழ்க்கையே அடங்கியிருக்கிறது என்ற பொருளில் விளக்குகிறார். கிராமப் பாதிரியாரின் மகள் எழுதிய கல்யாணக் கதை என்று பலர் ஆஸ்டினைத் தள்ளிவைத்த காலத்தில் டோக்கியோவில் கிடைத்த மதிப்பு அது.

ஆக, இங்கிலாந்தைச் சகிக்க முடியாத ஒருவர்தான் ஆங்கில நாவலை ஜப்பானில் நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர். இந்த வாசிப்பை ஆங்கில மோகம் என்று சுருக்கிச் சொல்பவர்களுக்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

ஆஸ்டினில் ஜப்பானிய வாசகர்களுக்கு அப்படி என்ன ஒட்டுகிறது?

முதலில், கதையின் பிழைப்பே கல்யாணப் பேச்சுதான். ஜப்பானில் ‘ஓமியாய்’ என்ற வழக்கம் உண்டு. நமது பெண் பார்க்கும் படலத்துக்குக் கிட்டத்தட்ட இணை. தரகர் அல்லது குடும்ப நண்பர், புகைப்படம், இரு வீட்டாரும் நாசூக்காக விசாரிப்பது, மூத்தவளுக்கு முடியாமல் இளையவளுக்கு எப்படிச் செய்வது என்ற கவலை எல்லாம் அதில் அடக்கம். தனிஜாகி ஜுன்இச்சிரோவின் ‘மகியோகா சகோதரிகள்’ நாவலில் நான்கு சகோதரிகளில் மூன்றாமவளுக்கு வரன் மேல் வரன் வந்து தட்டிப்போவதுதான் கதையின் முதுகெலும்பு. அந்தச் சமூகத்து வாசகருக்குத் திருமதி பென்னட்டின் பதற்றம் அடிக்குறிப்பு இல்லாமலே விளங்கும். ஆங்கிலேயர் பலர் அவளைக் கோமாளியாகப் பார்க்கிறார்கள். ஐந்து பெண்களைப் பெற்று, சொத்து கைவிட்டுப் போகும் நிலையில் இருப்பவளின் கணக்கு அது என்பது இன்னும் பெண் பார்க்கும் சமூகங்களில் சீக்கிரம் பிடிபடும்.

இரண்டாவது, எனக்கு முக்கியமாகப் படுவது, மரியாதை மொழி. ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான். ஜப்பானியத்தில் முன்னிலைச் சொல் எதைப் போடுவது, வினைமுற்றை எந்தப் பணிவு நிலையில் முடிப்பது, பெயருக்குப் பின் ‘சான்’ போடுவதா, ‘சாமா’ போடுவதா என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டும். தன்னைக் குறிக்கவே ‘வதாஷி’, ‘போகு’, ‘ஓரே’ என்று அந்தஸ்துக்கும் நெருக்கத்துக்கும் ஏற்பச் சொற்கள் மாறும். நாயகன் டார்சி முதல் தடவை நாயகி எலிசபெத்திடம் காதலைச் சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். தழைந்து பேசுகிறானா, தழைவது போன்ற சொற்களுக்குள் தலைக்கனத்தை வைத்துப் பேசுகிறானா? ஆங்கிலத்தில் வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியதை ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் வெளியே எடுத்து வைத்தே ஆக வேண்டும். தமிழிலும் இதே சங்கடம்தான். எலிசபெத் அவனை ‘நீங்கள்’ என்பாளா, கோபத்தின் உச்சியில் ‘நீ’ என்று வாய் தவறுவாளா? ஆஸ்டின் போன்ற எழுத்தாளருக்கு, மரியாதைப் படிகள் நிறைந்த மொழிக்குள் வந்து சேர்வது நஷ்டம் அல்ல என்பது என் கட்சி. மூலத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் ஒன்றை அந்த மொழி மூடி திறந்து காட்டுகிறது.

‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலை 1926-இல் மொழிபெயர்த்த நோகாமி தொயோஇச்சிரோ சோசெகியின் மாணவர். அவர் மனைவி நோகாமி யயேகோவும் சோசெகியிடம் எழுத்துப் பழகியவர். ஆஸ்டினின் தாக்கத்தோடு ‘மச்சிகோ’ என்ற நாவலை 1928 முதல் தொடராக எழுதினார். அதில் பணக்கார வரன், பிடிவாதக்காரப் பெண் இருவரோடு இடதுசாரி அரசியலும் கலந்துகொள்கிறது. ஆஸ்டினிடம் கற்றதைத் தன் ஊர்ப் பிரச்சினைக்குப் பயன்படுத்திய நல்ல உதாரணம்.

தலைப்புகளை எப்படி மொழிபெயர்க்கிறார்கள்?

இதில் சண்டையே உண்டு. ‘ப்ரைட்’ என்பதற்குச் சிலர் ‘கோமன்’ என்று போடுகிறார்கள், இறுமாப்பு என்று பொருள். சிலர் ‘ஜிஃபு’ என்று போடுகிறார்கள், தன்மேல் கொண்ட மதிப்பு என்று பொருள். எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலேயே டார்சியைப் பற்றிய உங்கள் தீர்ப்பு வந்துவிடுகிறது. (கோமன் என்ற சொல் தமிழ்க் காதுக்குக் கோமான் என்று கேட்பது வெறும் தற்செயல். ஆனால் டார்சிக்கு நன்றாகவே பொருந்துகிறது.)

டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ அங்கே ‘மாபெரும் சொத்துரிமை’ என்ற பொருளில்தான் நிலைத்துவிட்டது. எதிர்பார்ப்பு என்ற ஏக்கம் போய்ப் பத்திரப்பதிவு அலுவலக வாசனை வந்துவிட்டதாக நான் நினைப்பேன். ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு வரவிருக்கும் சொத்து என்ற பொருளும் இருந்தது, ஆகவே முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

‘வுதரிங் ஹைட்ஸ்’ ஏன் இவ்வளவு பித்துப் பிடிக்க வைத்தது?

எமிலி ப்ரான்டேயின் இந்த நாவலுக்கு ஜப்பானியத் தலைப்பு ‘அராஷிகஓகா’. புயல்மேடு. மூலத் தலைப்பில் உள்ள வட்டாரச் சொல் ஆங்கிலேயருக்கே உடனே விளங்காது. ஜப்பானியத் தலைப்போ கேட்டவுடன் காற்றடிக்கிறது. பாதி வெற்றி அங்கேயே கிடைத்துவிட்டது என்பேன்.

அந்த நாவலில் நாயகி கேத்தரின் தன் காதலன் ஹீத்கிளிஃபைப் பற்றிச் சொல்லும் புகழ்பெற்ற வரி ஒன்று உண்டு: அவனும் நானும் வேறல்ல, நான் ஹீத்கிளிஃப் என்பாள். இதை நேராக ஜப்பானியத்தில் வைத்தால் ‘வதாஷி வா ஹீசுகுரிஃபு தேசு’ என்று வரும். முதல் நாள் வேலைக்கு வந்தவர் குனிந்து வணங்கித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் அதே வாக்கியம்! உலகின் உச்சமான காதல் வரிகளில் ஒன்று விசிட்டிங் கார்டு நீட்டுவது போல ஆகிவிடும். ஆகவே இறுதியில் ஓர் அழுத்தச் சொல், பெண் பேச்சுக்கே உரிய ஒரு விகுதி, ஒரு நிறுத்தம் என்று மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் தப்பிக்கிறார்கள். தமிழில் ‘நானே ஹீத்கிளிஃப்’ என்று ஓர் ஏகாரத்தில் நாம் கரையேறிவிடலாம். அந்த வசதி அவர்களுக்கு இல்லை. இந்த ஒரு வரிக்காகவே வெவ்வேறு பதிப்புகளை வாங்கி வைத்திருப்பவர்கள் இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். 2003-இல் கோனோசு யுகிகோ ஷின்ச்சோவுக்காகப் புதிதாக மொழிபெயர்த்தார், 2010-இல் கோபுன்ஷா பதிப்பகத்தில் ஒனோதெரா தகேஷியின் மொழிபெயர்ப்பு வந்தது.

மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. யோஷிதா யோஷிஷிகே 1988-இல் இக்கதையை இடைக்கால ஜப்பானில், எரிமலைச் சரிவில் வைத்துப் படமாக்கினார். மியுச்சி சுசுயே 1976-இல் தொடங்கிய ‘கண்ணாடி முகமூடி’ என்ற மாங்கா (ஜப்பானியச் சித்திரக் கதை) தொடரில், நடிகையாகத் துடிக்கும் சிறுமி மாயா மேடையில் சின்ன கேத்தரினாக நடிப்பது மறக்க முடியாத பகுதி. ப்ரான்டேயின் பெயரைக்கூடக் கேட்டிராத பள்ளி மாணவிகளுக்கு முதலில் இந்த வழியாகத்தான் புயல்மேடு அறிமுகமாகியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக மிசுமுரா மினாயே 2002-இல் வெளியிட்ட ‘ஹோன்காகு ஷோசெட்சு’. ஆங்கிலத்தில் ‘எ ட்ரூ நாவல்’ என்று கிடைக்கிறது. போருக்குப் பிந்திய ஜப்பானில் அநாதையாக, ஏளனத்துக்கு ஆளாகி வளரும் தாரோ என்பவன், அமெரிக்கா போய்ப் பணக்காரனாகத் திரும்புகிறான். காரூயிசாவா என்ற மலையூரின் கோடை வீடுகள் மூல நாவலின் யார்க்ஷயர் மேட்டுநிலத்தின் இடத்தைப் பிடிக்கின்றன. மூலத்தில் கதை சொல்லும் நெல்லியின் இடத்தில் ஃபுமிகோ என்ற வேலைக்காரப் பெண் வருகிறாள். நாவலை முடித்தபின் அவள் சொன்னதில் எவ்வளவை நம்புவது என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு மேல் சொன்னால் உங்கள் வாசிப்பைக் கெடுத்தவனாவேன். ஒரு செவ்வியல் நாவலை இன்னொரு மண்ணில் நட்டு மரமாக்கியதில் இதற்கு நிகரான ஒன்றை நான் படித்ததில்லை.

எமிலி ப்ரான்டே வாழ்ந்த ஹாவொர்த் ஊருக்கு மேலே உள்ள மேட்டுநிலத்தில் பாழடைந்த ஒரு பண்ணை வீட்டுக்கு ஒற்றையடிப் பாதை போகிறது. வழிகாட்டிப் பலகைகளில் ஆங்கிலத்துக்குக் கீழே ஜப்பானிய எழுத்தும் இருக்கிறது. வந்துபோன பயணிகளின் எண்ணிக்கைக்கு அதுவே சாட்சி.

‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதை ‘நிலா அழகாக இருக்கிறது’ என்று சோசெகி மொழிபெயர்த்தது உண்மையா?

அழகான கதை. ஆனால் அவர் எழுத்துகளில் அப்படி எதுவும் இல்லை. அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பரவிய கதை அது. இணையத்தில் பார்க்கும்போதெல்லாம் மறுக்கக் கை துறுதுறுக்கிறது, ஆனால் யாருடைய காதல் கடிதத்தையும் கெடுக்க மனம் வருவதில்லை.

‘ஃபிளாண்டர்ஸ் நாய்’ ஆங்கில நாவலா? அது ஜப்பானில் மட்டும் ஏன் இவ்வளவு பிரபலம்?

ஆங்கிலம்தான். வீடா என்ற புனைபெயரில் எழுதிய இங்கிலாந்துப் பெண் எழுத்தாளர் 1872-இல் வெளியிட்ட சிறிய கதை. ஆன்ட்வெர்ப் அருகே பால் வண்டி இழுக்கும் ஏழைச் சிறுவன் நெல்லோ, அவன் நாய் பத்ராஷ். தேவாலயத்தில் திரைபோட்டு மூடிய ரூபன்ஸ் ஓவியங்களைப் பார்க்கக் காசு கேட்பார்கள், அவனிடம் காசு இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நிலா வெளிச்சத்தில் அவற்றைப் பார்த்துவிட்டு, நாயைக் கட்டிக்கொண்டு குளிரில் உறைந்து இறக்கிறான்.

ஜப்பானியத்தில் முதலில் வந்தது 1908-இல். அதில் நெல்லோவின் பெயர் கியோஷி, பத்ராஷின் பெயர் புச்சி. நம் ஊரில் நாய்க்கு மணி என்று பெயர் வைப்பது மாதிரி. 1975-இல் 52 வாரங்கள் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடராக ஓடியது. கடைசி வாரம் ஒரு நாடே உட்கார்ந்து அழுதது என்று அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். பிறகு ஜப்பானியப் பயணிகள் ஆன்ட்வெர்ப் போய் நெல்லோ எங்கே, பத்ராஷ் எங்கே என்று கேட்க, உள்ளூர்க்காரர்கள் விழித்தார்கள். அங்கே அந்தக் கதையைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. 1985-இல் ஹோபோகன் பகுதியில் சிறுவனுக்கும் நாய்க்கும் சிலை வைத்தார்கள். 2016-இல் தேவாலயத்தின் முன்னாலேயே, தெருக் கற்களைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு இருவரும் உறங்குவது போல வெள்ளைச் சிற்பம் ஒன்று வந்தது.

தோற்றுப்போகிறவனின் மாண்பை ஜப்பானியர்கள் விரும்புவார்கள் என்று ஒரு விளக்கம் உண்டு. அதை நான் பாதிதான் நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தோடு ஓராண்டு முழுக்க ஒரு நாயோடு பழகிவிட்டு அது சாவதைப் பார்த்தால், எந்த நாட்டுப் பிள்ளையும் அழும்.

அப்படியானால் இந்த ஆர்வத்துக்குக் கார்ட்டூன்தான் காரணமா?

ஒரு காரணம். ஆனால் கார்ட்டூனுக்கு முன்னாலேயே பிள்ளைகளின் அலமாரியில் புத்தகம் இருந்தது. வகமட்சு ஷிசுகோ என்ற பெண் ‘லிட்டில் லார்ட் ஃபாண்ட்லராய்’ கதையை 1890 முதல் பெண்கள் இதழ் ஒன்றில் ‘ஷோகோஷி’ என்ற தலைப்பில் மொழிபெயர்த்தார். இலக்கிய மொழி வேறு, பேச்சு மொழி வேறு என்று இருந்த காலத்தில், ஒரு தாய் பிள்ளைக்குச் சொல்வது போன்ற நடையில் எழுதியது அன்றைக்குப் புதுமை. அவர் 1896-இல் இளம் வயதிலேயே இறந்துவிட்டார். ‘எ லிட்டில் பிரின்சஸ்’ கதைக்கு அவருடைய தலைப்பை ஒட்டியே ‘ஷோகோஜோ’ என்று பெயர் வந்தது. 1985-இல் ‘இளவரசி சாரா’ தொடரைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிய குழந்தைகள் வகமட்சுவின் பெயரை அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அவர் வைத்த தலைப்பிலிருந்து பிறந்த சொல்லைத்தான் உச்சரித்தார்கள்.

போரில் நொறுங்கிப்போன நாட்டில், 1950 கிறிஸ்துமஸ் நாளில் இவனாமி பதிப்பகம் சிறுவர் வரிசையைத் தொடங்கியது. முதலில் வந்த ஐந்து புத்தகங்களில் ‘ட்ரெஷர் ஐலண்டு’ம் ‘கிறிஸ்துமஸ் கரோலு’ம் இருந்தன. பின்னாளில் ஜிப்லி என்ற அனிமேஷன் பட நிறுவனம் ‘தி பாரோயர்ஸ்’, ‘ஹவுல்ஸ் மூவிங் காசில்’ போன்ற ஆங்கிலச் சிறுவர் நாவல்களைப் படமாக்கியது வானத்திலிருந்து குதித்த யோசனை அல்ல. அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற இயக்குநர் மியாசாகி ஹயாவோ, இவனாமியின் சிறுவர் வரிசையில் தனக்குப் பிடித்த ஐம்பது புத்தகங்களைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார்.

சிவப்பு முடி ‘ஆன்’ இந்தப் பட்டியலில் வருவாளா?

அவள் கனடாக்காரி, ஆகவே கறாராகப் பார்த்தால் வரமாட்டாள். ஆனால் முராஓகா ஹனகோ, ஆங்கிலம் பகைவர் மொழி என்று ஒதுக்கப்பட்ட போர்க்காலத்தில் ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலை வீட்டில் மறைவாக மொழிபெயர்த்து, 1952-இல் வெளியிட்டதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது.

பணிப்பெண் உடை, பட்லர், மாலைத் தேநீர் இதெல்லாம் இந்த நாவல்களின் விளைவா?

சித்தப்பா பிள்ளைகள் என்று சொல்லலாம். விக்டோரியா காலத்துப் பணிப்பெண் ஒருத்தியைப் பற்றி மோரி கவோரு 2002 முதல் வரைந்த ‘எம்மா’ மாங்கா, அந்தக் காலத்துக் கோட்டுப் பொத்தான் வரை ஆராய்ந்து செய்த வேலை. அதை மதிக்கிறேன். டோக்கியோவின் அகிஹபரா பகுதிக் காபிக்கடைகளில் பணிப்பெண் உடையில் பரிமாறுவதற்கும் ‘ஜேன் அயரு’க்கும் உறவு தேடுவது வீண் வேலை.

எல்லா மொழிபெயர்ப்பும் நேர்மையாகத்தான் நடந்ததா?

எங்கே! மெய்ஜி காலத்தில் ‘ஹோன்ஆன்’ என்ற தழுவல் முறை கோலோச்சியது. அதில் மன்னன் குரோஇவா ருயிகோ. ‘யோரோசு சோஹோ’ நாளிதழை நடத்தியவர். 1899-இல் அதில் ‘பேய்க் கோபுரம்’ என்ற தொடரைத் தொடங்கி, மூலம் பெண்டிசன் என்ற சீமாட்டி எழுதிய நாவல் என்றார். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தச் சீமாட்டியைத் தேடித் தேடிக் களைத்தார்கள். அப்படி ஒருவரே இல்லை! வில்லியம்சன் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர் முந்தைய ஆண்டு வெளியிட்ட ‘எ வுமன் இன் கிரே’ தான் உண்மையான மூலம் என்பது நெடுங்காலம் கழித்தே தெரிந்தது. இடையில் துப்பறியும் கதை எழுத்தாளர் எடோகாவா ரம்போ அந்தத் தழுவலைத் தானும் ஒருமுறை திருப்பி எழுதினார். ரம்போவின் புத்தகத்தைச் சிறுவனாகப் படித்த மியாசாகி அதில் வரும் கடிகாரக் கோபுரத்தைத் தன் ‘காக்லியோஸ்ட்ரோ கோட்டை’ படத்துக்குள் கொண்டுபோனார். இங்கிலாந்தில் மறந்தே போன ஒரு நாவலின் பேரன் பேத்திகள் ஜப்பானில் சுகமாக இருக்கிறார்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸ்?

தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒரு செய்தி மட்டும்: நாகானோ மாவட்டத்தில் ஒய்வாகே என்ற மலையூரில் 1988-இல் ஹோம்ஸுக்குச் சிலை வைத்தார்கள். ஹோம்ஸ் அங்கே போனதாகக் கதை எதுவும் இல்லை. அவரை ஜப்பானியத்தில் பேசவைத்த நொபுஹாரா கென் என்ற மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே ஒரு கோடை வீடு இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

இன்றைய இளைஞர்களும் வாசிக்கிறார்களா?

பழைய அளவுக்கு இல்லை. பல கல்லூரிகளில் ஆங்கில இலக்கியத் துறைகள் ‘தகவல் தொடர்பு’, ‘பன்னாட்டுக் கல்வி’ என்று பெயர் மாறிவிட்டன. ரயிலில் புன்கோவின் இடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டது. ஆனாலும் 2006-இல் கோபுன்ஷா, இன்று மூச்சுவிடும் மொழியில் பழைய நூல்கள் என்ற முழக்கத்தோடு புதிய மொழிபெயர்ப்பு வரிசையைத் தொடங்கியபோது அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். ஜார்ஜ் எலியட்டின் ‘மிடில்மார்ச்’ போன்ற மலையை ஹிரோனோ யுமிகோ நான்கு பாகங்களாக 2019 முதல் 2021 வரை மொழிபெயர்த்து வெளியிட்டார். பாத்திரங்களின் பெயர்ப் பட்டியலைப் புத்தக அடையாள அட்டையிலேயே அச்சிட்டுத் தருகிறார்கள். ‘இந்த ஃபெதர்ஸ்டோன் யார்?’ என்று முந்நூறாவது பக்கத்தில் தடுமாறுபவருக்கு அது பெரிய உபகாரம்.

சோசெகியின் புத்தகங்களை இப்போது எங்கே பார்க்கலாம்?

லண்டனில் கிளாப்பம் பகுதியில் ‘தி சேஸ்’ தெரு 81-ஆம் எண் வீட்டில் அவர் அங்கே வாழ்ந்ததைச் சொல்லும் நீல நிற நினைவுப் பலகை இருக்கிறது. புத்தகங்கள் செந்தாய் நகரத்தில் தோஹொகு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய மாணவர் கொமியா தொயோதகா அங்கே நூலகராக இருந்தார். போர் முற்றியபோது டோக்கியோ வீட்டிலிருந்த சுமார் 3000 நூல்களை 1943-44 வாக்கில் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார். 1945 குண்டுவீச்சில் அந்த வீடு எரிந்து சாம்பலானது. லண்டனில் அரைப் பட்டினி கிடந்து வாங்கிய நாவல்கள் தப்பின. அவற்றின் ஓரங்களில், ஆசிரியரோடு நேருக்கு நேர் வாதாடுவது போல, ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் கலந்து அவர் எழுதிய குறிப்புகள் அப்படியே இருக்கின்றன.